திருப்பிக் கொடுக்க வழியில்லாத பணம்

“அம்மா, உன் கையை ஒடிச்சது அந்த ஆளு. காசு மட்டும் ஏன் ஊரே குடுக்குது?”

நஷ்டஈட்டுப் பணம் வந்த அன்று மகள் கேட்டாள். “ஆண்டவன் அப்படி மனசு வச்சிருக்கான்” என்று சொல்லிவைத்தாள் தையல்காரி. வேறென்ன சொல்வது? சங்கிலியைப் பறித்து அவளைத் தள்ளிவிட்டவனை நஷ்டஈடு கட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவனிடம் உடுத்திய துணியைத் தவிர ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பதில் நகராட்சி கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். பாதி மருத்துவமனைக்குப் போயிற்று. மீதியைத் தொட மனம் வராமல் பெட்டியில் போட்டு வைத்தாள்.

அவளைப் போல வாங்கியவர்கள் அந்த ஆண்டு நிறையப் பேர். நகராட்சி கையைப் பிசைந்தது. செலவைச் சரிக்கட்ட, பெரிய சாலையை விட்டுவிட்டுச் சந்துகளின் விளக்குகளை அணைத்தார்கள்.

மளிகைக் கடைக்காரர் வாய் சும்மா இருக்குமா? “உங்க கைக்குக் கட்டுப் போட்டாங்க தையக்காரம்மா. மிச்சத் துணிய எங்க கண்ணுல கட்டிட்டாங்க!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள். வீடு வந்து சேர்ந்தும் அந்தச் சிரிப்பு முகத்தில் புளித்துக் கிடந்தது.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். வேலை முடிந்து இரவில் வரும்போது, இருட்டுக்குப் பயந்து சந்து முனையிலிருந்து வாசல்வரை ஓடியே வந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையல்காரிக்கு மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது.

“பிச்சையா எடுத்தோம்? உனக்குச் சேர வேண்டியது. நீ ஏன் குறுகிப் போற?” என்றார் கணவர். நியாயம்தான். ஆனாலும் மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குடுக்கத்தாம்மா சட்டம் இருக்கு. திருப்பி வாங்க ஒரு வழியும் இல்ல.”

“சும்மா வச்சுக்கங்க சார். சந்துல ஒரு விளக்காவது...”

“சும்மா வாங்குனா நான் உள்ள போயிருவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. விளக்க அணைச்சதும் நீங்க இல்ல. வீட்டுக்குப் போங்க.”

அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. எலக்ட்ரிக் கடையில் வயரும் ஹோல்டரும் பல்பும் வாங்கினாள். மிச்சப் பணம் கரண்டு பில்லுக்கு ஆகும்.

கணவரும் மகளும் வெளியே போயிருந்த அந்தியில், நாற்காலி போட்டு ஏறி, தெருவைப் பார்க்க வாசலுக்கு மேல் விளக்கை மாட்டினாள். பல்பைத் திருகும்போது மணிக்கட்டு முறுக்கி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறு கையால் திருகினாள். சுவிட்சைப் போட்டாள், கதவைச் சாத்தினாள், ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தாள்.

நன்றாக இருட்டியபின், சந்து முனையில் செருப்புச் சத்தம் ஓட்டமாய்க் கிளம்பியது. பாதி வழியில் தயங்கி நின்றது. பிறகு, அடி அடியாக, நடக்க ஆரம்பித்தது.