கிணற்றடிப் பீங்கான்

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம், வைகாசி மாதம், அந்த நாயை உரப்பையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். என் மனைவி றாஹிலா இறந்து அப்போது ஐந்து மாதம்.

என்னோடு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்யும் தங்கத்துரையின் வீடு கடற்கரையில் இருந்தது. வீட்டுக்கு முன்னால், உடைந்த வள்ளம் ஒன்றின் கீழே நாய் கிடந்தது. உடம்பெல்லாம் சொறி, மயிர் இல்லை.

“இதைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறாய் மச்சான்?” என்றான் தங்கத்துரை. “உன்ட மாமி கண்டா ரெண்டு பேரையும் ஒண்டாக் கட்டிக் கடலுக்குள்ள தள்ளுவா.”

நாய் இருமியது. அதனால்தான் தூக்கினேன். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

வீடு றாஹிலாவின் சீதனம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அவள் போன பிறகும் நான் தனியாக அங்கே இருந்தது அவளுடைய உம்மாவின், என் மாமியின், பெருந்தன்மை. நாய்க்கு அதுவும் இல்லை.

இருதயத்தில் புழு இருக்கலாம், கனகாலம் இராது என்றார் மிருக வைத்தியர். மாத்திரை தந்தார். சொறிக்குக் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசச் சொன்னார். காலையிலும் அஸர் தொழுகைக்குப் பிறகும் பூசினேன். ஒவ்வொரு முறையும் கையை மண் போட்டு ஒரு தரம், வெறும் தண்ணீரில் ஆறு தரம் கழுவினேன். நாயின் ஈரம் பட்டால் எங்களுக்கு அதுதான் சட்டம். என் விரலிடுக்குகள் வெடித்தன. நாய்க்கு மயிர் முளைத்தது.

சோறு வைக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது, வேறு யாரும் தொடாத பாத்திரம். கிணற்றடிக் கட்டின்மேல் நீலக்கரை எனாமல் பீங்கான் ஒன்று தனியே கவிழ்ந்து கிடந்தது. எடுத்தேன். யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை.

அதை அங்கே கவிழ்க்கச் சொன்னவன் நான்தான். றாஹிலாவின் வருத்தம் சயரோகம் என்றதும், படித்தவன் என்ற முறையில், வீட்டுக்குச் சட்டம் போட்டேன். பீங்கான் தனி, தம்ளர் தனி, அறை தனி. ஊசி போடத் தொடங்கி இரண்டு மாதத்தில், இனித் தொற்றாது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் பயம் போகவில்லை.

சூறாவளிக்கு இரண்டு கிழமைக்கு முன் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. மாமி வீட்டாரும் சேர்ந்து எல்லோரும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டோம். றாஹிலா அறை வாசலில் நின்றாள்.

“இண்டைக்கு மட்டும் உங்களோட ஒரு வாய் திண்ணட்டா?”

“உன்ட பீங்கான்ல போட்டுத் தருவாங்க” என்றேன்.

அடுத்த மாதம் இரத்தம் கக்கி இறந்தாள்.

அவள் இறந்து வருஷம் முடிந்து ஓதும் கத்தத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, மாமி தன் வீட்டிலிருந்து பின்வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வந்தார். வருவதாகச் சொல்லவில்லை. அன்று நாய் தானாகத் தின்னவில்லை. மீனில் முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து, மாத்திரையை உள்ளே வைத்து உருட்டி, அதன் வாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“திண்ணு புள்ள. இன்னும் ஒரு வாய்.”

“ஆரோட கதைக்கிறீங்க மருமகன்?”

எழும்பினேன். “தங்கத்துரைட நாய் மாமி. ரெண்டு நாளைக்கு வெச்சிரிக்கச் சொன்னான்...”

மாமி என் கைகளைப் பார்த்தார். முழங்கைவரை மஞ்சள் எண்ணெய். பிறகு கீழே பார்த்தார்.

“இது றாஹிலாட பீங்கான்.”

“ஓம்.”

“நாய்க்கா வெச்சிரிக்கீங்க?”

விரட்டச் சொல்வார் என்று நின்றேன். கத்தம் ஓத ஆட்கள் வரும் வீடு. விரட்டினால் நாய் இரண்டு நாள் தாங்காது.

“கழுவுங்க” என்றார்.

மண் அள்ளித் தேய்த்தேன். மாமி நின்று எண்ணினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணினார். நாய் என் காலில் சாய்ந்து இருமியது. ஏழாவது தண்ணீர் ஊற்றியதும் பீங்கானை வாங்கி, முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். மற்றப் பீங்கான்களோடு அதை அடுக்கும் சத்தம் கேட்டது. சட்டம் போட்ட நாளிலிருந்து அது அந்த வாசலைத் தாண்டியதில்லை.

வெளியே வந்தார்.

“நாய் இரிக்கட்டும்.”

“கத்தத்துக்கு ஆக்கள் வருவாங்களே மாமி.”

“பின்னுக்குக் கட்டுங்க. ஆரும் கேட்டா நான் கதைக்கிறன்.” நாயைப் பார்த்தார். “வருத்தக்காரரை இப்பிடிப் பாக்க ஒங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே மகன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

கடப்படிக்குப் போய்விட்டார். “மாமி” என்றேன். திரும்பினார். இனித் தொற்றாது என்று அன்று டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

“இது தங்கத்துரைட நாயில்ல. என்ட.”

“தெரியும்” என்றார்.