பிரிண்டர் நம்பாத சான்றிதழ்

என் மருமகள் கட்டிய நெட்வொர்க்குக்குள் டிஜிட்டல் சான்றிதழ் இல்லாமல் கொசுகூட நுழைய முடியாது. ஒன்று முயன்று பார்த்துவிட்டு, அவமானம் தாங்காமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. நான் கூட்டிச் சொல்கிறவன் இல்லை.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுத்தாயிற்று. குழாயில் ஒட்டவேண்டிய லேபிளை அடிக்கிற பிரிண்டர்தான் புது நெட்வொர்க்கில் சேரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆள் மாறிவிடும் என்பதால் கையால் எழுதி ஒட்டவும் கூடாதாம். எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்க்கட்டடத்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

மேலாளர் வந்தார். மதியத்துக்குள் பிரிண்டர் சேராவிட்டால் எல்லாவற்றையும் பழைய திறந்த நெட்வொர்க்குக்கே மாற்றிவிடச் சொன்னார். அவள் மாதக்கணக்கில் கட்டியது அத்தனையும் வீண்.

"யார் வேணா உள்ள வந்து, யாரோட ரிப்போர்ட்ட வேணா பாத்துட்டுப் போகலாம். பரவாயில்லையா சார்?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் சான்றிதழை அழித்து மறுபடி ஏற்றினாள். பிரிண்டர் மறுத்தது. கேபிளை மாற்றினாள். மறுத்தது. அதன் மண்டையில் ஒரு தட்டு தட்டலாமா என்று நான் கேட்டேன்.

"மாமா, ரத்தம் குடுத்தவங்க வாயத் தொறக்காம உக்காரணும்."

சோதனைக்காக ஒரு தாள் அடித்தாள். அதன் மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. இடம் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கியதில் பிரிண்டரின் உள்கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது. அந்தத் தேதியில் என் மீசை கன்னங்கரேல். அவள் பிறக்கவேயில்லை.

"சான்றிதழ் இந்த வருஷம் குடுத்தது சார். இது இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கு. இன்னும் பொறக்காத சான்றிதழ எப்படி நம்பும்?"

தேதியைத் திருத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. லேபிள்கள் சரசரவென்று வந்து விழுந்தன, முதலாவது என்னுடையது.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த கட்டடத்துக்கும் இதையே போட்டுவிடும்படி சொன்னார். முதலில் எல்லாவற்றின் தேதியையும் பார்த்துவிடுகிறேன் என்றாள் அவள்.

வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அவள் யார் என்று தனித்தனியாகச் சொன்னேன். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. கடைசிப் படியில் நின்றவர், "உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

நான் திருத்தவில்லை.