சூட்டுத் தொட்டி பழுது

மூன்றாவது நிமிடத்தில் வீராங்கனை அன்யாவின் உதடு நீலமாயிற்று. ஐந்தாவதில் பேச்சுக் குழறியது. புஷ்பமலர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தப் பெண்ணின் அக்குளில் கைகொடுத்து ஐஸ் தொட்டியிலிருந்து வெளியே இழுத்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குத்தான் இன்று அவளிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு பெண்கள் ஹேண்ட்பால் குழு. ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் குளிர்நீரில் ஒரு நிமிடம், வெந்நீரில் இரண்டு நிமிடம் என்று மாறி மாறி இறங்குவார்கள்; தசைவலி ஆறுமாம். இரண்டு தொட்டியையும் கழுவி நிரப்புவது புஷ்பமலரின் வேலை. வெந்நீர்த் தொட்டியின் ஹீட்டர் பழுது என்று பத்து நாளாகச் சொல்லிவந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு டிரெய்னர், சூடு இல்லாவிட்டால் குளிரே போதும், பத்து நிமிடம் இருங்கள் என்றார். இன்னும் மூன்று வாளி ஐஸ் கொட்டச் சொன்னார். கொட்டியது அவள் கைதான்.

இன்று மறுபடி ஆட்டம். குளிர்த் தொட்டி நிறைந்திருந்தது. மற்றது இன்னும் காய்ந்து கிடந்தது. துப்புரவுக் கம்பனி மேற்பார்வையாளன் உமாபதி கடிதத்தை நீட்டினான். பயிற்சிக்கு இடையூறு செய்தேன், அனுமதியின்றி வீராங்கனையைத் தொட்டேன் என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேலை இன்றோடு சரி. டிரெய்னர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"வையுங்கோ அக்கா, ஒரு கையெழுத்துத்தானே," என்றான் உமாபதி.

"ஹீட்டர் பழுதெண்டது இதிலை எங்கை கிடக்கு?"

"அது வேறை கதை. நீங்கள் என்ன டொக்டரோ?"

"இல்லைத் தம்பி, கூட்டிறவள். கூட்டிறவளுக்கும் கண் இருக்கு."

உமாபதி குரலைத் தாழ்த்தினான். "அன்யாவே தனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதிக் குடுத்திட்டாள். அவளுக்கு டீமிலை இடம் வேணும். உங்களுக்கு வேலை வேணும். பிறகென்ன?"

புஷ்பமலர் பேனாவை வாங்கினாள். கடிதத்தைத் தொடவில்லை. டிரெய்னரிடம் தன் உடைந்த ஜெர்மனில் நேராகவே சொன்னாள்: தொட்டிக்குள் கையை வையுங்கள். ஐந்து நிமிடம். எடுக்காமல் இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் சிரித்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் கையை அமிழ்த்தினார்.

ஒரு நிமிடம். சிரிப்பு நின்றது. கதவு திறந்து, தோளில் துவாயுடன் வீராங்கனைகள் வந்தார்கள். முன்னால் அன்யா. இரண்டாவது நிமிடம். உமாபதி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரெய்னரின் தோள் மெல்ல உதறத் தொடங்கியது. தொட்டியில் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.