வெடிக்காரர் வீட்டுச் சிங்கம்

சகாயமேரியின் புருஷன் பவுல்ராஜ் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் ஃபோர்மேன். அவர் கையசைக்காமல் நெய்வேலியில் ஒரு வெடியும் வெடிக்காது என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமை போதாதென்று வீட்டு நாய்க்குச் சிங்கம் என்று பெயர் வைத்திருந்தார். மத்தியானம் வெடிச் சத்தம் கேட்டதோ இல்லையோ, சிங்கம் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கித் தரையை நனைத்துவிடும்.

"ஃபோர்மேன் அங்க வெடி வெச்சா, இங்க அவரு சிங்கம் ஒண்ணுக்குப் போவுதுங்க" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் கொளஞ்சியப்பன் கேன்டீனில் சொல்லிச் சிரித்தார். பவுல்ராஜுக்கு மானம் போயிற்று. ஊரில் எவன் வேண்டுமானாலும் பயப்படலாம். அவர் வீட்டுச் சோறு தின்கிற நாய் பயப்படலாமா?

"பொங்கலுக்குள்ள இதுக்குத் தைரியம் வரலன்னா, பண்ருட்டி லாரில ஏத்தி முந்திரிக் காட்டுல உட்டுடுவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள். 

முள்ளை முள்ளால்தான் எடுக்கவேண்டும் என்பது அவர் கட்சி. கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய வெடி ஒரு பெட்டி இருந்தது. தினமும் டூட்டி முடிந்து வந்து வாசலில் சைக்கிள் மணியை அடிப்பார். அடித்தால் பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாயை முருங்கை மரத்தில் கட்டி, பக்கத்திலேயே ஒரு வெடியைக் கொளுத்துவார். ஐந்தாம் நாள் அது கயிற்றை அறுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடியது.

"தேறிகினு வருது" என்றார் பவுல்ராஜ்.

அவர் டூட்டிக்குப் போன பிறகு சகாயமேரி தன் பாடத்தைத் தொடங்கினாள். டப்பா மூடியை மெல்லத் தரையில் போடுவாள். சத்தம் கேட்ட கையோடு ஒரு துண்டு கருவாடு. மறுநாள் கொஞ்சம் பலமாக. நாய் மிரண்டால் திரும்பவும் மெல்ல. மத்தியான வெடிக்கு ஜன்னலைச் சாத்தி, அதைப் பக்கத்தில் உட்கார்த்தி, கை நிறையக் கொடுத்தாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பவுல்ராஜுக்கு வார ஓய்வு. கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார். மத்தியானம் வெடி வெடித்தது. அவர் கையசைக்காமலே வெடித்தது. சிங்கம் வாலை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடியது.

"பாத்தியா? எல்லாம் நம்ம பயிற்சி! இன்னும் பாரு" என்று பவுல்ராஜ் வாசலுக்குப் போய்ச் சைக்கிள் மணியை அடித்தார்.

சிங்கம் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. தரை நனைந்தது.

"வெடிக்குப் பயப்படல ஃபோர்மேன். உங்களுக்குத்தாங்க பயப்படுது" என்று சொல்லிவிட்டு, கொளஞ்சியப்பன் மிச்சச் சிரிப்பைக் கேன்டீனுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

பவுல்ராஜ் தலையைச் சொறிந்தார். "இப்ப என்னாடி பண்றது?"

சகாயமேரி கருவாட்டுத் துண்டுகளை அவர் கையில் வைத்தாள். "மணியை மெதுவா அடிச்சிட்டு ஒண்ணு போடுங்க. தானா வர்ற வரைக்கும் உக்காந்துகினு இருங்க. அதட்டாதீங்க."

"எத்தினி நாளு?"

"எனக்குப் பதினஞ்சு நாளு ஆச்சு. உங்களுக்கு இன்னும் கூடவே ஆவும்."

மண்ணைப் பிளக்கிற ஃபோர்மேன் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கருவாட்டை நீட்டினார். நாய் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"வாடா கண்ணு... ஒண்ணும் செய்யமாட்டேன்டா, வா."

அடுப்படியில் சகாயமேரியின் கை அப்படியே நின்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. நாயின்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.