நீலக் கிரீஸ்

கிரீஸ் ஏற்றும் அந்த நிப்பிளை அந்த இடத்தில் கொண்டு வைத்தவன் எவனோ, அவன் கையில் ஒரு நாளும் கிரீஸ் பட்டிருக்காது. மணலில் ஓடுகிற நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிக்கு அடியில், பின்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புக் கையும் ஷாக் அப்சார்பரும் சேரும் மூட்டில், செயினுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்பக்கம் பார்த்து ஒரு பட்டாணி அளவுக் குமிழாக அது உட்கார்ந்திருக்கிறது. மற்ற நிப்பிள்களுக்குக் குனிந்தால் போதும். இதற்கு மட்டும் மல்லாந்து படுத்து முழங்கை வரை உள்ளே விட வேண்டும். துபாய் பாலைவனத்தில் இதே மாதிரி வண்டியைச் சுற்றுலாக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டித் தடித்துப்போன கை என்னுடையது. மணிக்கட்டோடு நின்றுவிடும்.

என் மனைவி சஜிதாவின் கை நுழையும்.

வளையல்களைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, சாக்கை விரித்துப் படுப்பாள். கிரீஸ் கன் என்கிற கைப் பம்ப்பின் வாயை நிப்பிளில் வைத்து அழுத்திப் பிடிப்பது அவள் வேலை, வெளியே உட்கார்ந்து பிடியை அடிப்பது என் வேலை. உள்ளே புதுக் கிரீஸ் போகப்போக, உப்பும் மணலும் கலந்து கறுத்த பழசு ஓரமாகப் பிதுங்கி வரும். சுத்தமான கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். வெளியே இருக்கிற எனக்கு அது தெரியாது. அவள்தான் விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுவாள்.

"வந்தாச்சா?"

"எங்க வர? கறுப்புதான் வருது. அடிங்க."

"இப்பம்?"

"வந்தாச்சு. எதுக்கும் இன்னும் ஒண்ணு அடிங்க."

அந்த இன்னும் ஒண்ணு இல்லாமல் அவள் ஒரு தடவையும் எழுந்ததில்லை. கஞ்சி விளம்பினாலும் அப்படித்தான், வேண்டாம் என்றால் காது கேட்காது. கிரீஸும் அவள் பார்த்து வாங்குவதுதான். கடியப்பட்டணத்தில் மீன்பிடி போட்டுக்காரர்கள் வாங்குகிற கடையில், கடல் தண்ணீர் பட்டாலும் கரையாத நீலக் கிரீஸ். வடசேரியில் நீளக் குழாய் கிடைக்கிறது, நுனியில் தானே கவ்விக்கொள்ளும் வாயும் உண்டு, ஒருத்தனே அடித்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். முறைத்தாள். "எனக்க கை இருக்கும்போ குழாய் என்னத்துக்கு?" என்றாள்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போதுகூட, வண்டி மழையில் நனையுது, தார்ப்பாயை இழுத்து மூடுங்க என்றுதான் சொன்னாள். அவளைச் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தபோது ஹேண்டில்பாரில் வளையல்கள் கிடந்தன. கடைசியாகக் கிரீஸ் அடித்த அன்று எடுக்க மறந்திருக்கிறாள். நானும் எடுக்கவில்லை.

மழை போனதும் அவளுடைய தம்பி விபின் வண்டியைக் கழுவித் துடைத்துக் கிளப்பினான். மண்டைக்காட்டுக் கடற்கரையில் சவாரி விடுவதில் எனக்கு அவன்தான் கூட்டு. எல்லா நிப்பிளுக்கும் நான் கிரீஸ் அடித்தேன், அந்த ஒன்றைத் தவிர. கை எட்டாது என்று விபின் நினைத்துக்கொண்டான். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அம்மன் கோயில் மாசிக் கொடை நெருங்கும்போது வண்டி கத்த ஆரம்பித்தது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் ஒரு கிரீச். கேட்டும் கேட்காதவன் மாதிரி இருந்தேன்.

கொடைக்குக் கூட்டம் வந்திருந்த ஒரு சாயங்காலம், ஒரு தகப்பனும் சின்ன மகளும் ஏறினார்கள். விபின் ஓட்டினான். மணல் திட்டில் ஏறி இறங்கிய இடத்தில் அந்த மூட்டு இறுகிப்போய் வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. குழந்தை பறந்தே விட்டது. தகப்பன் பாவாடையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தது. அழுத குழந்தையை இறக்கிவிட்டு அன்றைக்குச் சவாரியை நிறுத்தினோம்.

வீட்டுக்கு வந்ததும் விபின் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அத்தான், இதுக்கு மட்டும் கிரீஸே அடிக்கல்லியே."

"அடிக்கல்ல."

"கை எட்டல்லன்னா சொல்லக்கூடாதா? நான் அடியில உள்ள தகட்டக் கழத்தியாவது அடிச்சிருப்பம்லா."

"எட்டாததுனால இல்ல மக்கா. உள்ள உங்க அக்கா வச்சது கெடக்கு. புதுசு போனா அது வெளிய வந்துரும்."

அவன் டார்ச்சை அணைத்தான்.

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருவன் பிள்ளை விழுந்து கழுத்து ஒடிந்திருந்தால், என் சஜிதாவின் கிரீஸ் என்று போய் அவனிடம் சொல்ல முடியுமா? அவள் இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் சாடியிருப்பாள். மறுநாள் காலையில் வடசேரிக்கு பஸ் ஏறினேன். அவள் வேண்டாம் என்ற அதே குழாயை வாங்கினேன். திரும்பும் வழியில் கடியப்பட்டணத்துக்குப் போய் அதே நீலக் கிரீஸும் வாங்கினேன். கடைக்காரன், "அக்கா வரல்லியா?" என்றான். டப்பாவை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

வளையல்களை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அதே சாக்கில் மல்லாந்து படுத்தேன். விரல் நுனியால் எட்டித் தள்ளியதும் குழாயின் வாய் நிப்பிளைக் கவ்விக்கொண்டது. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் அவள் இத்தனை வருடம் கையைக் கீறிக்கொண்டு கிடந்தாள்.

விபின் டார்ச்சைப் பிடித்தான். நான் அடித்தேன். முதலில் கறுப்பு வந்தது, மணல் நறநறத்தது. பிறகு கலங்கலாக வந்தது. பிறகு நீலம். அடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. இந்த நீலம் அவள் வைத்ததா, நான் வைத்ததா? ஒரே கடை, ஒரே டப்பா. வேறு நிறமாக வாங்கியிருந்தால் அவளுடையது எங்கே முடிகிறது என்றாவது பார்த்திருப்பேன்.

"வந்தாச்சா?" என்று கேட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது.

விபின் டார்ச்சை உள்ளே நீட்டிப் பார்த்தான். "வந்தாச்சு அத்தான், போதும்" என்றான்.

"போதாது. இன்னும் ஒண்ணு உண்டு."

கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடந்தேன். வாசலில் யாரோ மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. பிறகு, எதுக்கும் இன்னும் ஒண்ணு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அந்த ஒன்றையும் அடித்தேன்.