மேஸ்திரிக்கு ஒரு வீடு

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சங்கமித்ரா கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அந்த யார்டுக்குக் காவலாக ஒரு டாபர்மேன் இருந்தது. பார்த்தால் யாரும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள், ஆனால் அது யாரையும் கடித்ததாகப் பேச்சே இல்லை. காலையில் லோடு இறக்க ஆரம்பித்ததும், கையைப் பின்னால் கட்டாத குறையாக ஒவ்வொரு ஆளையும் சுற்றிப் பார்த்துவிட்டு நகரும். அதனால் மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் கிளம்பினால் மேஸ்திரி பஸ் ஸ்டாப் வரை கூடவே வரும். பஸ் நகர்ந்த பிறகுதான் திரும்பும். அவளுக்கென்று அப்படி நிற்க வேறு யாரும் இல்லை. கட்டினவன் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவன் போனபோது அவள் அழவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் யார்டை இழுத்து மூடி நாயை வேனில் ஏற்றினார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் ரோட்டிலேயே நின்று அழுதாள்.

நாய் போன இடம் ராயபுரம். அங்கே ஆலிஸ் என்று ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாள், கைவிடப்பட்ட டாபர்மேன்களை வாங்கி வைத்திருந்து நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார். டாபர்மேன் மட்டும்தான். வேறு எந்த நாயைக் கொண்டுபோனாலும் கேட்டைத் திறக்க மாட்டார். கல்யாணத் தரகர்களில் ஒரே சாதிக்கு மட்டும் வரன் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி.

சங்கமித்ரா போய்க் கேட்டாள். கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி அவளைக் கண்டு ஊளையிட்டது. ஆலிஸ் அதையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். ஆனாலும் அசையவில்லை.

"வீட்டை வந்து பாக்காம நான் நாய் குடுக்க மாட்டேம்மா. எப்ப வருவேன்னும் சொல்ல மாட்டேன். சொல்லிட்டு வந்தா எல்லா வீடும் நல்ல வீடுதான்."

சரி என்று விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு விஷயங்களைச் சொல்லவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவள் இருந்த மூன்றாம் மாடி வீடு அவளுடையது அல்ல. அது சிவந்தி என்பவளுக்கு ஒதுக்கிய வீடு. சிவந்தி மகனோடு மணலி புதுநகருக்குப் போய்விட, சங்கமித்ரா உள்வாடகைக்கு இருந்தாள். சட்டப்படி தப்புதான். அந்த பிளாக்கில் பாதிப் பேர் அந்தத் தப்புக்குள்தான் சோறு பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, வீட்டிலேயே இட்லி சுட்டு விற்கும் எதிர்வீட்டுக் கெங்கம்மா. சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவள். தெருமுனையில் நாய் குரைத்தால் மாடியில் இவள் கதவைச் சாத்துவாள். அவளிடம் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? நாய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சங்கமித்ரா வாயை மூடிக்கொண்டாள். வினை அங்கேதான் வந்தது.

யார்டு போன பிறகு அவள் கொருக்குப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் வேலை முடிந்து படியேறினால், கெங்கம்மா இடுப்பில் கை வைத்து, ஏதோ தேர்தலில் ஜெயித்தவள் போல நின்றிருந்தாள்.

"மித்ரா, இன்னிக்கு நான் மட்டும் இல்லன்னா நீ நடுத்தெருவுல நின்னுகினு இருந்திருப்பே. போர்டுலேர்ந்து ஆள் வந்துச்சு. கண்ணாடி போட்டுகினு, குடை புடிச்சிகினு, கையில ஃபைலு. சங்கமித்ரா வூடு எதுன்னு கேட்டுச்சு. நான் வுடுவனா? அந்தப் பேருல யாருமே இங்க இல்ல, இது சிவந்தி வூடு, சிவந்தி மார்க்கெட்டுக்குப் போய்கீதுன்னு அட்ச்சி வுட்டேன்."

அந்த பிளாக்கில் ஃபைலோடு யார் வந்தாலும் எல்லோரும் சொல்கிற பதில் அது. கெங்கம்மாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

சங்கமித்ரா பையைக் கீழே வைத்தாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"யக்கா... அது போர்டு இல்லக்கா. நாய் குடுக்கிற அம்மா."

"நாயா? இன்னா நாயி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் ஸ்டாப் கதையை இரண்டு தடவை சொன்னாள். கெங்கம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

காலையில் இட்லி வியாபாரம் முடிந்த கையோடு கெங்கம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்பு. பொய் சொன்னது நானு. நானே வந்து சொல்றேன்."

ராயபுரத்தில் ஆலிஸின் கேட்டை நெருங்கியதுமே உள்ளேயிருந்து குரைப்பு கிளம்பியது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். கெங்கம்மா ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே கத்தினாள்.

"யம்மா! நேத்து பொய் சொன்னவ நான்தாம்மா! இந்தப் பொண்ணு அங்கதான் கீது!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வெளியே வந்த ஆலிஸின் முகம் இறுகியிருந்தது. உள்வாடகை விவகாரம் முழுக்க அங்கேயே நின்று கேட்டார்.

"பொய்ய விடும்மா. மாதவரத்துல தோட்டத்தோட ஒரு வீட்டுக்காரர் மேஸ்திரிய கேட்டிருக்கார். நாளைக்கு வரார். உன் வீட்ல நீ ஒருத்தி. பகல்லாம் வேலைக்குப் போயிடுவ. மத்த நாய் தாங்கும், டாபர்மேன் தனிமை தாங்காது. கால நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கும். இப்பவே ஆரம்பிச்சிடுச்சு. பகல்ல யார் இருப்பா அதுகூட?"

சங்கமித்ரா மேஸ்திரி இருந்த பக்கம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அது முடிந்து போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

"நான் கீறேன்," என்று மின்கம்பத்திடமிருந்து சத்தம் வந்தது.

ஆலிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்களா? இங்க வரவே பயப்படுறீங்க."

"பயந்தா இன்னா? எட்ட நின்னு பாத்துக்குவேன். தொட மாட்டேன். தொடச் சொல்லக்கூடாது. ஆனா நாள் பூரா வாசல்லதான் குந்திகினு இருப்பேன். தனியா வுட மாட்டேன்."

ஆலிஸ் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பிறகு, கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், சொல்லாமல் வந்து பார்ப்பேன், புண் ஆறவில்லையென்றால் திருப்பி அழைத்துக்கொள்வேன் என்று கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். மேஸ்திரி பாய்ந்து வந்து சங்கமித்ராவைக் கீழே தள்ளியே விட்டது. கெங்கம்மா அதற்குள் அடுத்த கம்பத்துக்குப் போயிருந்தாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இரண்டு வாசலுக்கும் நடுவில் மேஸ்திரி படுத்திருக்கும். இவள் தன் நிலைப்படிக்குள் துடைப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மீந்த இட்லியைத் தூக்கிப் போடுவாள். திட்டிக்கொண்டேதான் போடுவாள். "இன்னா மொறைக்கிற? சட்னி கேக்குதா தொரைக்கு?" மேஸ்திரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். கால் புண் மெல்ல ஆறி வந்தது. ஆனால் அவள் ஒருநாளும் மேஸ்திரியைத் தொடவில்லை.

சங்கமித்ராவுக்கு விடுமுறையான ஒரு நாளில் நிஜமாகவே போர்டு அதிகாரி வந்தார். கீழே யாரோ, "சிவந்தி! மார்க்கெட் போலியா?" என்று உரக்கக் கத்தினார்கள். போர்டு ஆள் வந்தால் அந்த பிளாக்கில் எச்சரிக்கை அதுதான். சங்கமித்ரா உள்ளே ஓடினாள். கெங்கம்மா வெளியே பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் சொருகினாள். அதற்கென்றே அவளிடம் எப்போதும் ஒரு பூட்டு உண்டு.

எல்லாம் பழக்கப்பட்ட வேலைதான். மேஸ்திரிக்குத்தான் பழக்கமில்லை. தன்னுடையவளை யாரோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று மட்டும் அதற்குப் புரிந்தது. எழுந்து போய்க் கதவிடுக்கில் மூக்கை வைத்து முனகியது. முன்னங்காலால் கதவைப் பிராண்டியது. உள்ளே சங்கமித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அதிகாரி வந்து இதைப் பார்த்தால் போதும், பூட்டுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். அப்புறம் வீடும் இல்லை, நாயும் இல்லை.

முனகல் நின்றது. ஏன் நின்றது என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரியவில்லை. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கெங்கம்மா தரையில் உட்கார்ந்து, மேஸ்திரியின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தன் மடியோடு இழுத்து வைத்திருந்தாள். அவள் கண்கள் இறுக மூடியிருந்தன.

"இந்த வீட்ல யாரும்மா?" என்றது அதிகாரியின் குரல்.

"சிவந்தி சார். மார்க்கெட்டுக்குப் போய்கீது."

"இது யார் நாய்?"

கெங்கம்மா கண்ணைத் திறந்தாள். "என் நாய் சார். பேரு மேஸ்திரி. என் வூடு என் பேர்லயே கீது, வேணும்னா பாத்துக்கோ."

அதிகாரி நாயைச் சுற்றி, சுவரோரமாக நடந்து போனார். செருப்புச் சத்தம் படியிறங்கி, வெளியே அடங்கியது. பிறகும் கெங்கம்மா நகரவில்லை. மேஸ்திரி அவள் தோளில் தாடையை வைத்திருந்தது.

"மித்ரா," என்று மெல்லிய குரலில் கூப்பிட்டாள். "கைய எடுத்தா இது இன்னாவாச்சும் பண்ணுமா?"

சங்கமித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒன்னும் பண்ணாதுக்கா."

கெங்கம்மா கையை எடுக்கவில்லை.