முத்தாரியின் வெள்ளிக் கை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்து மூன்றாம் ஞாயிறு, மாலை நாலேகால் மணிக்கு, மேசைமேல் ஒரு வெள்ளிக் கை வந்தது. வலது கை, முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கி ஐந்து விரல்களோடு முடிந்தது. யாரும் எடுத்துவந்து வைக்கவில்லை. மேசையைச் சுற்றி நான்கு பேர் கதையாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். "முத்தாரி கைய கழட்டி மேஜ மேல வெக்கிறா" என்று சங்கரி சொன்னாள். கை வந்து, வெங்காய பஜ்ஜித் தட்டை இரண்டு விரற்கடை தள்ளிவிட்டுக் கிடந்தது. அஜித் முதலில் தட்டைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திரிஷா நர்ஸ் என்பதால் மணிக்கட்டில் நாடி பார்த்து, இல்லை என்றாள். கதை நடத்துகிற கிறிஸ்டோபர், அடுத்து யார் பகடை உருட்டவேண்டும் என்று கேட்டான்.

ஆட்டம் ஊரடங்குக் காலத்தில் போனில் தொடங்கியது. கிறிஸ்டோபர் ஒரு நாட்டைச் சொல்வான், மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேஷமாகப் புகுந்து பேசவேண்டும், நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அந்த நாட்டில் பாலாறு இருந்தது, பாலாற்றில் பன்னிரண்டு மாதமும் இரு கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. அது கற்பனை நாடு என்பது எல்லோருக்கும் அதிலிருந்தே விளங்கிவிட்டது. திரிஷா திருடி. வீடு வீடாகப் பார்சல் கொடுத்துக் கால் தேய்ந்த அஜித், மலையைவிட்டு நகராத பூதம். சங்கரி ஓடக்காரி முத்தாரி. முத்தாரிக்கு வலது கை வெள்ளி என்று அவள் சொன்னபோது கிறிஸ்டோபர் குறுக்கே புகுந்தான், ஏனென்றால் சங்கரிக்கே வலது கை இல்லை. "ரெண்டு கையும் நல்லா இருக்கிற மாதிரியே வெச்சுக்கலாமே சங்கரி, கததானே," என்றான். "கததானே. அப்ப எனக்குப் புடிச்ச கை இருந்துட்டுப் போவட்டும்," என்றாள் அவள்.

கை போனது பத்தொன்பதாம் வயதில், வாலாஜாபாத் பஸ்ஸில், ஜன்னல் கம்பிமேல் முழங்கையை வைத்துத் தூங்கியபோது. எதிரே ஒரு லாரி வந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏதோ ஒரு முகாமில் ரப்பர் கை கிடைத்தது. நிறம் அவளுடையதைவிட இரண்டு படி சிவப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன் அதை மாட்டி, மேலே கைக்குட்டை ஒன்றையும் போட்டு உட்காரவைப்பாள் அம்மா மங்கையர்க்கரசி. வந்தவர்கள் கைக்குட்டைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படுகிற பாட்டைப் பார்த்தே சங்கரிக்கு அலுத்துவிட்டது. கை இல்லாத வருத்தம் தீர்ந்து பல வருடமாகிறது. இருப்பதுபோல உட்கார்ந்திருப்பதுதான் அவளால் தாங்கமுடியவில்லை. மங்கையர்க்கரசியோ தெருமுனைச் செல்லியம்மனிடம், மகளுக்குக் கை வந்தால் வெள்ளியில் கை செய்து உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கண் நோவு தீர்ந்தவர்கள் வெள்ளிக் கண்ணும், கால் வலி தீர்ந்தவர்கள் வெள்ளிக் காலும் போடுகிற உண்டியல்தான் அது. இப்படியே பதினைந்து வருடம் போயிற்று.

சங்கரி இடது கையால் சேலைக்கு டிசைன் போடுகிறவள். யாளி, மயில்கண், ருத்ராட்சம் என்று அவள் கட்டத்தாளில் சிவப்பு மசியால் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள், அட்டை தறிமேல் ஏறும், மறுமாதம் யாளி பட்டில் வந்து நிற்கும். முத்தாரியின் கையையும் அவள் கட்டத்தாளில்தான் போட்டாள். விரலுக்கு மூன்று கணு, மணிக்கட்டில் ஒரு திருகு, உள்ளங்கையில் துடுப்புப் பிடித்த தழும்பு. இந்த ஊரில் கட்டத்தாளில் போட்டது எதுவும் வந்து சேராமல் போனதில்லை என்பதால், கை வந்ததை நால்வரில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. அதே தாளின் தலைப்பில் முத்தாரியின் பெயர், வயது, தொழில், பெற்றோர் எல்லாம் எழுத இடம் விட்டிருந்தது. பெற்றோர் என்ற இடத்தில் சங்கரி ஒரு கோடு போட்டிருந்தாள். சாகசம் செய்யப் புறப்படுகிறவளுக்கு வீட்டு ஆட்கள் இருந்தால் கதை நகராது என்பது அவள் எண்ணம்.

கை சங்கரிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அவள் சங்கரியாக இருக்கும்போது அது வெறும் பாரம். குழவிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் தோளை இழுத்தது. முத்தாரியாகப் பேசத் தொடங்கினால் விரல் மடங்கும், ஊசியில் நூல் கோக்கும், கேஸ் சிலிண்டரைத் தூக்கும். ஆகவே முத்தாரி ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கவில்லை. ஐப்பசிக்குள் அவள் ரேஷன் கடையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிவந்தாள். தைக்குள் ஸ்கூட்டர் கற்றுத் தென்னேரிவரை போய், அவ்வளவு பெரிய ஏரியைப் பார்த்து, இதென்ன குட்டை என்று சொல்லிவிட்டு வந்தாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு வெள்ளிக் கையால் காபி கொடுத்து ஓடக்கூலி கேட்டாள். அவர்கள் கொண்டுவந்த பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அப்பா வீரபாகு தறியிலிருந்து எட்டிப் பார்த்து, வேலைப்பாடு சுத்தம் என்று மட்டும் சொன்னார். தெருவுக்கும் பழகிவிட்டது. அந்த ஒரு வருடத்தைப்போல் சங்கரி வேறெந்த வருடமும் சந்தோஷமாக இருந்ததில்லை.

முத்தாரிக்குப் பெற்றவர்களை மட்டும் அடையாளம் தெரியவில்லை. கோடு போட்ட இடத்தில் கோடுதானே வரும். தறியைவிட்டு எழாத வீரபாகுவுக்கு அது உறைக்கவில்லை. சமையற்கட்டில் மங்கையர்க்கரசி எதிர்ப்பட்டால், "யாரு நீ? அக்கரைக்குப் போறதுன்னா ஏறு, இல்லாங்காட்டி வழிய வுடு பெரிசு," என்பாள். முதலில் மங்கையர்க்கரசி சிரித்தாள். பிறகு, "நான் ஒங்கம்மாடி," என்று சொல்லிப் பார்த்தாள். "ஓடத்துல பொறந்தவளுக்கு ஏது அம்மா," என்றுவிட்டு முத்தாரி போய்க்கொண்டே இருந்தாள். கையைக் கழற்றியதும் சங்கரிக்கு எல்லாம் நினைவுக்கு வரும், வெட்கமாக இருக்கும். காலையில் மறுபடியும் மாட்டிக்கொள்வாள். கழற்றுகிற நேரம் நாளாக ஆகக் குறைந்தது. அந்தச் சித்திரை மாதம் முழுக்க மூன்றே நாள்தான் அவள் மங்கையர்க்கரசியை அம்மா என்று கூப்பிட்டாள்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை சங்கரி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது கட்டில்மேல் கை இல்லை. மங்கையர்க்கரசி அதை முந்தானையில் சுற்றி எடுத்துப்போய்ச் செல்லியம்மன் உண்டியலில் போட்டிருந்தாள். உண்டியலின் வாய் அதற்கேற்ற அளவு அகன்று கொடுத்துவிட்டுப் பழையபடி மூடிக்கொண்டதாம். "வேண்டிக்கினது மா. கை வந்துச்சு, வெள்ளிக் கை போட்டுட்டேன். சாமி காரியம்," என்றாள். அது சாமி காரியம் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. உண்டியலில் விழுந்தது அம்மனுக்குச் சொந்தம். சங்கரி பூசாரியிடம் கேட்டும் பார்த்தாள். உள்ளே இருப்பது நிஜம்தான், பூசை நேரத்தில் தகரத்தைத் தட்டுகிறது, தாளம் பிசகாமல் தட்டுகிறது, யார் பேசி அதை ஆட்டுகிறார்கள் என்று கேட்காதே, மேளக்காரரை நிறுத்தியாயிற்று என்றார் அவர்.

நாற்பத்தோரு நாள் சங்கரி அம்மாவிடம் பேசவில்லை. கோபம் முக்கால்வாசி அம்மாமேல், கால்வாசி தன்மேல். மாடியில் கிறிஸ்டோபர் தன்னால் ஆனதைச் செய்தான். பாலாற்றில் ஒரு முனிவர் குளித்துக்கொண்டிருக்கிறார், அவர் முத்தாரிக்குச் சதையும் எலும்புமாக நிஜக் கையையே வரமாகத் தருகிறார், பகடைகூட உருட்டவேண்டாம் என்றான். "அவரு குளிச்சிட்டுப் போவட்டும். எனக்கு வேணாம்," என்றாள் சங்கரி. இனி முத்தாரியே வேண்டாம் என்று முடிவுசெய்து, கிழித்துப்போட அந்தக் கட்டத்தாளை எடுத்தாள். அப்போதுதான் தலைப்பில் இருந்த கோடு கண்ணில் பட்டது. டிசைனில் ஒரு கட்டம் தவறினால் சேலை நெடுக அந்தத் தவறு வரும்; நெய்தவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான். தாளை மடிமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு பிளேடால் கோட்டைச் சுரண்டி எடுத்தாள். அந்த இடத்தில் பெயர் எழுதப்போய், எழுதாமல் நிறுத்தினாள். ஆட்டத்தில் ஒருவர் சேரவேண்டுமென்றால் அவராகவே வந்து உட்கார்ந்து வாய்விட்டுப் பேசவேண்டும் என்பது விதி.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "ஞாயித்துக்கெழம மாடிக்கு வரியாம்மா?" என்று கேட்டாள்.

மங்கையர்க்கரசி முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு அந்த வெளையாட்டெல்லாம் தெரியாதேமா."

"தெரியவேணாம். முத்தாரிக்கு அம்மாவா இருக்கணும். அவ்ளோதான்."

ஞாயிறு நாலு மணிக்கு மங்கையர்க்கரசி முழங்கால் வலியோடு படியேறி வந்து ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். மலையைவிட்டு நகராத பூதம் எழுந்து வணக்கம் சொன்னது. ஓடம் கரை ஒதுங்குகிறது, முத்தாரி இறங்கி வருகிறாள் என்று சொல்லி நிறுத்திய கிறிஸ்டோபர், "நீங்க இன்னா பண்றீங்க ஆன்ட்டி?" என்று பகடையை அவள் பக்கம் தள்ளினான். அவள் பகடையைத் தொடவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு கை இல்லாத இடத்தைப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் கைக்குட்டை எதுவும் போடாமல் அந்த இடத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கைய கழட்டிக் குடுமா," என்றாள். "தண்ணியிலயே கெடந்து எப்டி கருத்திருக்குது பாரு. விபூதி போட்டுத் தேச்சித் தரேன்."

கை மேசைமேல் இருந்தது. விரலிடுக்கில் குங்குமமும், திருகில் சிக்கிய பூ நாரும் இருந்தன. மங்கையர்க்கரசி இடுப்பிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து விரல் விரலாகத் தேய்க்கத் தொடங்கினாள். அரை மணி நேரம் ஆட்டம் நின்றது, யாரும் குறை சொல்லவில்லை. மறுநாள் பூசாரி வந்து, பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, ஆனால் தட்டுகிற சத்தத்தைக் காணோம், கை இங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். சரி என்று மேளக்காரரைத் திரும்பக் கூப்பிடப் போனார்.

போன மார்கழியில் ஒரு காலை மங்கையர்க்கரசி சோற்றுப் பானையைச் சாய்க்கத் திணறிக்கொண்டிருந்தாள். கையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவள், "நவுரு மா, ஓடம் கவுத்தாப்புல கவுத்துடுவ போலிருக்குது. நான் வடிக்கிறேன்," என்றாள். மங்கையர்க்கரசி நகர்ந்து இடம் கொடுத்தாள். "கை சுட்டுக்கப் போற. துணி புடிச்சிக்க," என்றாள். வெள்ளிக்குச் சுடாது என்று சங்கரி சொல்லவில்லை. கொடியில் கிடந்த துணியை எடுத்து வெள்ளி விரல்களில் சுற்றிக்கொண்டு பானையைப் பிடித்தாள்.